பேண்ட் சா (ரெண்டு வீல்ல வளையமா ஓடுற பிளேடால மரம் அறுக்குற மிஷின்) ஓட்டுறவங்க கவனத்துக்கு

ஏற்காட்டு எஸ்டேட்ல வெட்டுன சில்வர் ஓக் நம்ம சேலத்துப் பட்டறைக்கு வரும்போது பாதி ஈரமாத்தான் இருக்கும், அதை அறுத்தா வீலைச் சுத்தி இருக்குற ரப்பர் டயர்ல தூள் அப்பிக்கிட்டு பிளேடு ஒரு பக்கமா இழுக்க ஆரம்பிக்கும், அதனால பிளக்கைப் புடுங்கிட்டு பிரஷ் போட்டு தேய்ச்சு, வீலைக் கையால சுத்தி பிளேடு நேரா ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. பிளேடு ஆடாம புடிச்சுக்கிற மேல் கைடு மரத்துக்கு கால் இஞ்ச் மேல இருந்தா போதும், ஒசரமா விட்டா பிளேடும் வளையும், விரலுக்கும் ஆபத்து. உருண்டைக் கட்டையை அப்படியே தள்ளவே தள்ளாதீங்க, பல்லு கவ்வி உருட்டிரும், அடியில ஆப்பு வச்சு அசையாம பண்ணிக்கங்க. மார்கழிக் குளிரா இருந்தாலும் கையுறை வேண்டாம். ஆஃப் பண்ண பிறகும் வீல் கொஞ்ச நேரம் சுத்தும், நிக்கறதுக்குள்ள துண்டு எடுக்க கை நீட்டாதீங்க. சாயங்காலம் பூட்டும்போது பிளேடு டென்ஷனை (இழுத்து வச்ச இறுக்கத்தை) லூஸ் பண்ணிருங்க, காலைல மறக்காம டைட் வைங்க.