பெற்றோருக்கு வாராந்திர வகுப்பு மடல்: முதல்முறை எழுதும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் செய்முறை விளக்கம்

"இன்னிக்கு கிளாஸ்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஒண்ணும் இல்ல."

தொடக்கப் பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் மாலை நேரத்தில் கேட்கும் பேச்சு இது. பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒரு முழு நாளைத் திரட்டி இரண்டு வரியில் சொல்ல ஏழு வயதில் வராது. கேள்வி அவ்வளவு பெரியது. அதே அம்மா, "நாற்பத்திரண்டுல இருந்து பதினேழக் கழிக்க குச்சிக் கட்டப் பிரிச்சீங்களாமே, எப்படின்னு காட்டு பார்ப்போம்" என்று கேட்கட்டும். பிள்ளை குச்சி தேடி ஓடும்.

குச்சிக் கட்டு சங்கதி அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தெரிவிக்கத்தான் வகுப்பு மடல். மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்குப் பல வருடங்களாக வாரம் தவறாமல் எழுதி வருகிறேன். மடலை அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதைப் படித்தவருக்குத் தன் பிள்ளையிடம் பேச ஏதாவது கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால், படம், வண்ணம், அழகான எழுத்துரு எல்லாம் இருந்தும் அது வெறும் சுற்றறிக்கைதான்.

படி 1: எந்த நாள், எந்த வழி

வாரத்தில் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் வெள்ளிக்கிழமை மாலை அனுப்புகிறேன். பிள்ளையோடு உட்காரப் பெற்றோருக்கு இரண்டு விடுமுறை நாள் கிடைக்கும். எந்த நாளாக இருந்தாலும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் செவ்வாய், அடுத்த வாரம் சனி என்று போனால், மடலை எதிர்பார்க்கும் பழக்கம் யாருக்கும் வராது.

வழியை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒரு சின்னத் தாளை வீட்டுக்கு அனுப்பி நான்கு விவரம் கேளுங்கள். மடலைத் தாளில் வேண்டுமா, போனில் வேண்டுமா? எந்த மொழியில் படிக்க வசதி? வீட்டில் யார் படிப்பார்? இரண்டு வீட்டுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டுமா? கடைசிக் கேள்வி முக்கியமானது. அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழும் பிள்ளைக்கு, மடல் ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் இன்னொரு வீடு எல்லாவற்றிலும் பின்தங்கும். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு மடலைப் பாட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குழுவில் போட்டால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதோடு நாற்பது "நன்றி டீச்சர்", ஐந்து பிறந்தநாள் வாழ்த்து என்று வந்து மடல் மேலே ஏறி மறைந்துவிடும். குழுதான் என்றால், அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் இன்னும் நல்லது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எல்லோரையும் எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சல் என்றால் முகவரிகளை பிசிசி (BCC) கட்டத்தில் போடுங்கள், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

படி 2: வாரம் முழுக்க இரண்டிரண்டு வரி

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து யோசித்தால் திங்கட்கிழமை ஞாபகம் இருக்காது. மேசையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, தினமும் மணி அடித்ததும் இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது ஒன்று, யாராவது என்ன சொன்னார்கள் என்பது ஒன்று. என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

"திங்கள்: குச்சிக் கட்டு. பாதிப் பேர் 35 என்று போட்டார்கள். செவ்வாய்: 'கட்ட அவுத்தாலும் குச்சி குறையல டீச்சர்.' புதன்: பல்லி, பள்ளி. வியாழன்: விதை முளைத்தது. வேர்தான் முதலில் வந்தது என்று ஆச்சரியம்."

வாரம் முழுக்க இதற்குப் பத்து நிமிடம் ஆகாது. இந்த நோட்டு இருந்தால் மடல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 3: ஒரு பக்கத்துக்குள் அடக்குதல்

ஏ4 தாளில் ஒரு பக்கம் போதும். மேலே தேதிகளும் கொண்டுவர வேண்டிய பொருள்களும் இருக்கட்டும், ஏனென்றால் அவசரத்தில் இருப்பவர் அதை மட்டும்தான் பார்ப்பார். அதற்குக் கீழே இந்த வாரம் கற்றது, பிறகு வீட்டில் கேட்க ஒரு கேள்வி, கடைசியில் அடுத்த வாரம் பற்றி இரண்டு வரி. இந்த வரிசையை வருடம் முழுக்க மாற்றாதீர்கள். கூகுள் டாக்ஸில் ஒருமுறை செய்து வைத்தால் வாராவாரம் நகல் எடுத்துக்கொள்ளலாம். போனில் படிப்பவர்களுக்கு பிடிஎஃப் கோப்பை விட நேரடிச் செய்தியே வசதி.

படி 4: "இந்த வாரம் கற்றது"

மடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் மற்றதை எல்லாம் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம்: "கணிதத்தில் கழித்தல் பாடம் நடத்தி முடிக்கப்பட்டது. மாணவர்கள் பயிற்சியை முடித்துவரக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் படிக்கும் அப்பாவுக்கு இதை வைத்து என்ன செய்ய முடியும்? "பயிற்சிய முடிச்சியா?" என்று கேட்கலாம். "முடிச்சிட்டேன்." பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நான் எழுதி அனுப்பியது இது:

"இந்த வாரம் 42-லிருந்து 17-ஐக் கழித்தோம். நிறையப் பேருக்கு 35 வந்தது. கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். இரண்டிலிருந்து ஏழு போகாது என்று தெரிந்ததும், பிள்ளைகள் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டுவிடுகிறார்கள். அதற்காகப் பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டினோம். 42 என்றால் நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டை அவிழ்த்ததும் மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. இப்போது ஏழை எடுத்தால் உதிரி ஐந்து. ஒரு கட்டை எடுத்தால் மீதி இரண்டு கட்டு. விடை 25. நீங்கள் 'கடன் வாங்குவது' என்று படித்ததுதான் இது. வகுப்பில் 'கட்டை அவிழ்ப்பது' என்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. பிள்ளை செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே தடுமாறுவார்கள், ஏன் தடுமாறுவார்கள் என்பது தெரிகிறது. பெற்றோர் படித்த முறைக்கும் இப்போதைய முறைக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் வீட்டில் சண்டைதான்: "எங்க டீச்சர் இப்படிச் சொல்லல" என்று பிள்ளை அழும், "இவ்வளவு நாள் நாங்க போட்டது கணக்கு இல்லையா" என்று அப்பா கேட்பார்.

தவறுக்குக் காரணம் எழுதுவதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகள் போட்ட கழித்தல் கணக்குகளைப் பகுத்துப் பார்த்து 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல தவறுகள் ஏனோதானோவென்று வருவதில்லை, பிள்ளை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால்தான் வருகின்றன என்று அதில் காட்டினார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது அப்படி ஒரு விதி. இது தெரிந்த அப்பா "ஒழுங்காப் பாத்துப் போடு" என்று அதட்டமாட்டார். "இந்த அஞ்சு எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்.

துறைச் சொற்களைத் தவிருங்கள். "வளரறி மதிப்பீடு" என்பதற்குப் பதில் "பாடம் நடக்கும்போதே யாருக்குப் புரிந்தது என்று பார்த்தேன்" என்று எழுதலாம். எல்லாப் பாடத்தையும் தொட வேண்டும் என்றும் இல்லை. ஒன்றை விரிவாக எழுதி, மற்றதற்கு ஒவ்வொரு வரி கொடுத்தால் போதும்.

படி 5: வீட்டில் கேட்க ஒரு கேள்வி

ஒன்றே ஒன்று. மூன்று கொடுத்தால் வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாக இருக்க வேண்டும். பிள்ளை ஏதாவது செய்து காட்டும்படி இருந்தால் இன்னும் நல்லது. பதில் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இருக்கக் கூடாது. பள்ளிக்கே போகாத பெற்றோரும் கேட்கக் கூடிய கேள்வியைத் தேடுங்கள்.

லகர, ளகர வாரத்தில் நான் எழுதியது: "பல்லி, பள்ளி இரண்டையும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு நுனி எங்கே போய்த் தொடுகிறது என்று கேளுங்கள்." ஒன்றில் மேல்பல்லுக்குப் பின்னாலும், மற்றதில் நாக்கு வளைந்து மேலண்ணத்திலும் தொடும். இதைக் கண்டுபிடிக்க எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் எல்லோரும் வாயைத் திறந்து திறந்து பார்த்ததாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள்.

கேள்விக்குக் கீழே "கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுங்கள்" என்று நான் எப்போதும் சேர்ப்பேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

படி 6: படமும் பெயரும்

எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் போடாதீர்கள். இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். விதை முளைத்த தொட்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். மூலையில் ஒரு பிள்ளையின் முகம் விழுந்திருந்தது. படம் வேண்டாம் என்று அந்தக் குடும்பம் வருடத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தது. பத்து நிமிடத்தில் அழித்தேன். அதற்குள் பலர் பார்த்துவிட்டார்கள். அன்று இரவே அந்த அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். என்ன காரணத்துக்காக மறுத்தார்கள் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு படத்தால் ஒரு குடும்பத்தின் பாதுகாப்பே குலையலாம் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அதன்பிறகு கைகளையும் வேலையையும் மட்டும்தான் எடுக்கிறேன்: குச்சிக் கட்டு, வேர், கரும்பலகை. பின்னணியையும் பாருங்கள். சுவரில் மதிப்பெண் பட்டியல், நோட்டு அட்டையில் பெயர், சட்டையில் அடையாள அட்டை எல்லாம் தெரியாமல் உள்ளே வந்துவிடும்.

பிள்ளைகள் சொன்னதைப் பெயர் இல்லாமல் போடுங்கள். "மூன்று பேர் தவிர எல்லோரும் வாசித்துவிட்டார்கள்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அந்த மூன்று பேர் யார் என்பது மூன்று வீட்டுக்குத் தெரியும். ஒரு பிள்ளை பற்றிய சேதி அந்த வீட்டுக்கு மட்டும், தனியாக.

படி 7: அனுப்பும் முன்

ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் அனுப்புவதாக இருந்தால், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் தேதி, நேரம், "வேண்டும்", "வேண்டாம்" வரும் இடங்களை மட்டுமாவது காட்டுங்கள். கொண்டுவர வேண்டாம் என்றது கொண்டுவர வேண்டும் என்று மாறினால் வம்பு.

படிக்க முடியாதவர்களுக்கு அதே மடலை ஒன்றரை நிமிடக் குரல் பதிவாக அனுப்புகிறேன். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களும் இப்போது அதைக் கேட்கிறார்கள், வண்டியில் போகும்போது வசதியாக இருக்கிறதாம்.

படி 8: பதில் வர இடம் விடுங்கள்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன், பள்ளியில் குடும்பங்களின் பங்கேற்பை ஆறு வகையாகப் பிரிக்கிறார். தகவல் பரிமாற்றம், வீட்டில் கற்றல் இரண்டும் அதில் அடக்கம். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்பது அவர் கருத்து. மடலின் அடியில் "வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், பேசியும் அனுப்பலாம்" என்று ஒரு வரி போதும். முதல் மாதம் ஒன்றும் வராது. நிறுத்திவிடாதீர்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் "யார் வீட்டில் கேட்டாங்க?" என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்க முடியாத பிள்ளையின் முகத்தைப் பார்க்க நேரும். அந்தக் கேள்வியை வகுப்பிலேயே இருவர் இருவராக ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் நேரம் இல்லாத பிள்ளைக்கும் பேச ஒரு ஆள் கிடைக்கும்.

குச்சிக் கட்டு மடலுக்கு ஒரு பாட்டியிடமிருந்து குரல் பதிவு வந்தது. "டீச்சர், நான் குச்சியும் வைக்கல, கடனும் வாங்கல. பதினேழோட மூணு சேந்தா இருபது. இன்னொரு இருபது சேந்தா நாப்பது. மேல ரெண்டு. மூணும் இருபதும் ரெண்டும் இருவத்தஞ்சு. சின்ன வயசுல காசு எண்ணிச் சில்லறை குடுத்துப் பழகினது. இது சரிதானுங்களா?" திங்கட்கிழமை அவரிடம் அனுமதி கேட்டு, பெயர் சொல்லாமல் வகுப்பில் போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். பிறகு ஆளாளுக்கு 53-லிருந்து 28-ஐ அந்த முறையில் போட்டுப் பார்த்தார்கள். அந்த வார மடலில் "இந்த வாரம் கற்றது" பகுதியை அந்தப் பாட்டியின் கணக்கோடுதான் தொடங்கினேன்.