ஒரு பித்தளைத் தாங்கி படுத்திய பாடு

நானே கம்ப்யூட்டர் சேர்க்க, அதன் பாகங்களை வைக்கும் பெட்டியான கேஸ் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது கலர் விளக்குகளைப் பார்க்கவில்லை. முன்பக்கம் காற்று புகும் வலையா என்றுதான் பார்த்தேன். எங்கள் மொட்டைமாடி அறை அவ்வளவு சூடு.

எல்லாம் மாட்டி பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. ரேமை (நினைவகத்தை) கழற்றி மாட்டினேன், பலனில்லை. சரி என்று எல்லா பாகங்களும் மாட்டும் மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து இயக்கினேன். ஜம்மென்று ஓடியது!

அப்போ கோளாறு கேஸில்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டைக் கேஸில் படாமல் தூக்கிப் பிடிக்கும் பித்தளைத் தாங்கிகள் முன்பே முடுக்கி வந்திருந்தன. ஒன்றுக்கு நேராக என் 244 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் (சிறிய அளவு) போர்டில் திருகு ஓட்டையே இல்லை. அந்தத் தாங்கி போர்டின் அடியில் ஈய முனைகளைத் தொட்டு ஷார்ட்! ப்ளையரால் அதைத் திருகி எடுத்தேன். அரை மணி நேரத்தில் விண்டோஸ் ஏறியது. அந்தத் தாங்கி இப்போது சாவிக்கொத்தில் தொங்குகிறது.