கூட நிற்பவர் சோறூட்டுவது எப்படி?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் யாருக்காவது புற்றுநோய் என்றால் பஸ் திருவனந்தபுரத்துக்குத்தான். அங்கே ஆஸ்பத்திரியில் நான் மாமிக்குப் பைஸ்டாண்டராக, அதாவது கூட நிற்பவராக, 18 நாள் நின்றேன். முதல் வாரம் முழுக்கத் தப்பாகத்தான் ஊட்டினேன். தட்டு வரும் நேரம் நான் மருந்துக்கடை வரிசையில் நிற்பேன். மாமி 'வேண்டாம்' என்பார். மலையாளத்திலும் அது 'வேண்டா'தானே, தட்டு அப்படியே திரும்பிப் போய்விடும்.

அதனால் முதலில் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டிலருகே இருங்கள். பில், சீட்டு எல்லாம் அப்புறம். குமட்டலுக்கு மாத்திரை இருந்தால் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் கொடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு.

அடுத்து வாய். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி உப்பு போட்டுக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வாய்ப்புண் இருந்தால் மிளகு, புளி, ஊறுகாய் கிட்டவே வேண்டாம். நாக்கில் இரும்பு ருசி என்றால் பிளாஸ்டிக் ஸ்பூன்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்ந்து உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து விழுங்குவார், புரையேறும். இது நான் செய்த தப்பு. ஒரு வாய் இறங்கியபின் அடுத்தது. இருமினாலோ குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணியாவது படுக்க விடாதீர்கள். சாப்பாட்டுத் தூக்குப் பாத்திரத்தின் மூடியை வராந்தாவில் திறந்து ஆறவிடுங்கள். சூட்டோடு எழும் மணமே சிலருக்குக் குமட்டும்.

சரி, என்ன கொடுப்பது? நம் ஊரில் நோயாளி என்றாலே கஞ்சித்தண்ணீர். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. 50 கிலோ எடையுள்ளவருக்குப் பொதுவாக நாளுக்கு 1250 முதல் 1500 கலோரியும், குறைந்தது 50 கிராம் புரதமும் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கஞ்சியைக் கெட்டியாக்கி, வெந்த சிறுபயற்றை மசித்து, ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். ஏத்தன்பழத்தை (நேந்திரம்பழம்) அவித்து மசிக்கலாம். மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டயட்டீஷியனைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் மீன்குழம்பு அன்புதான், ஆனால் சமைத்து இரண்டு மணி நேரம் தாண்டினால் நீங்களே சாப்பிடுங்கள். ரத்தத்தில் வெள்ளையணு குறைந்திருக்கும்போது கடையில் நறுக்கி வைத்த பழமும் ஆகாது.

கடைசியாக ஒரு நோட்டு. "நல்லா சாப்பிட்டாங்க" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. அளவை எழுதுங்கள், வாரம் ஒருமுறை எடையும். மாமியின் நோட்டில் 11-ம் நாள்: கஞ்சி 6 ஸ்பூன், முட்டை பாதி, மட்டிப்பழம் (சின்ன வாழைப்பழம்) முழுசு. அதைப் பார்த்துத்தான் டயட்டீஷியன் புரதப்பொடி எழுதிக் கொடுத்தார்.