வீட்டிலேயே அத்தோ: கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள்

சாயங்காலம் சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி செகண்ட் லைன் பீச் ரோட்டுப் பக்கம் நடந்தால், தள்ளுவண்டிக் கடைகள் கண்ணில் படுவதற்கு முன்பே பொரித்த வெங்காய வாசனை வந்துவிடும். அங்கே நின்றுகொண்டே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்கூட, இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். சோறு வடிக்கவும் வெங்காயம் நறுக்கவும் தெரிந்தால் போதும், மீதியை நான் சொல்கிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வியாசர்பாடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா. ரங்கூனில் பிறந்தவர். பர்மாவில் 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு கடை, தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்படி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடுதான் இது. அங்கே கையால் கலந்து பிசைகிற உணவுக்குத்தான் இந்தப் பெயர், அதனால் சைனீஸ் நூடுல்ஸ் மாதிரி கடாயில் போட்டு வதக்கக் கூடாது. எல்லாவற்றையும் தனித்தனியாகத் தயார் செய்து ஆறவிட்டு, சாப்பிடுகிற நேரத்தில் பிசைய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்று பேருக்கு 200 கிராம் நூடுல்ஸ். மசாலா பாக்கெட்டோடு வருவது வேண்டாம், மைதாவில் செய்த வெறும் நூடுல்ஸ் வாங்குங்கள். 2 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு நூடுல்ஸைப் போடுங்கள். நான்கு நிமிடம் கழித்து ஒரு இழையை எடுத்துக் கிள்ளிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல், ஆனால் விரலில் ஒட்டாமல் இருந்தால் உடனே வடித்துவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் ஒரு முறை அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி, பெரிய தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் வையுங்கள். முதல் முறை அவசரத்தில் சூடாகவே பிசைந்து நான் களி மாதிரி ஆக்கிவிட்டேன், அதனால்தான் அந்த அரை மணி நேரத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வண்டியில் ஆரஞ்சு நிறத்துக்குக் கலர் சேர்ப்பார்கள். வீட்டில் அது தேவையே இல்லை, வேண்டுமானால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்கள்.

அடுத்தது வெங்காயம், அத்தோவின் உயிரே இதில்தான் இருக்கிறது. பெரிய வெங்காயம் மூன்றை நீளவாக்கில், எல்லாம் ஒரே கனத்தில் மெல்லியதாக நறுக்குங்கள். ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வதங்கித்தான் இருக்கும். 150 மில்லி கடலை எண்ணெய், மிதமான தீ. போட்டவுடன் சடசடவென்று பெரிய சத்தம் வரும், அது வெங்காயத்தில் இருக்கிற தண்ணீர் வெளியே போகிற சத்தம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சத்தம் மெல்ல அடங்கும், நுரையும் குறையும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். ஓரம் பொன்னிறமாகி நடு இன்னும் கொஞ்சம் வெளிறி இருக்கும்போதே அரித்தெடுத்துவிட வேண்டும், ஏனென்றால் வெளியே எடுத்த பிறகும் சூட்டில் அது சிவந்துகொண்டே இருக்கும். தட்டில் பரப்பினால்தான் மொறுமொறுப்பு நிற்கும், குவித்து வைத்தால் நமத்துவிடும். அதே எண்ணெயில் பதினைந்து பல் பூண்டைச் சீவிப் போட்டு இளம் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெயை வடிகட்டி வையுங்கள், நூடுல்ஸில் ஊற்றப்போவது அதைத்தான்.

மற்றவை சின்ன வேலைகள். எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் காய்ந்த மிளகாயை வறுத்து மிக்ஸியில் ஒரே சுற்று, கொரகொரவென்று இருக்கட்டும். ஐந்து ஸ்பூன் பொட்டுக்கடலையை நைசாகப் பொடியுங்கள், சூப்புக்கும் சேர்த்துத்தான். முட்டைக்கோஸைப் பச்சையாகவே நூல் மாதிரி நறுக்குங்கள், கொஞ்சம் பச்சை வெங்காயம், கொத்தமல்லி. கடைசியில் மேலே நொறுக்கிப் போட பேஜோ வேண்டும், அது தட்டை மாதிரி மொறுமொறுவென்று பொரித்த பர்மா நொறுக்குத்தீனி. கிடைக்கவில்லையென்றால் நம்ம ஊர் தட்டையை நொறுக்கிப் போடலாம், எங்கள் வீட்டில் பெரும்பாலும் தட்டைதான்.

கூடவே வாழைத்தண்டு சூப் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. இந்த சூப்புக்கு மூலம் பர்மாவின் மொய்ங்கா, அங்கே அது மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுவது, இங்கே வண்டிகளில் பெரும்பாலும் வாழைத்தண்டு மட்டும்தான். ஒரு சாண் தண்டை வட்டமாக நறுக்கி, விரலில் நாரைச் சுற்றி எடுத்து, மோர்த் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. வெங்காயம், இஞ்சி, பூண்டு அரைத்து வதக்கி, மஞ்சள் தூள், தண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து இருபது நிமிடம் கொதிக்கட்டும். இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மிளகுத்தூளும் உப்பும் போட்டு இறக்குங்கள்.

இப்போது பிசைவது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பிசையுங்கள், மொத்தமாக வேண்டாம். அகலமான பேசினில் இரண்டு கைப்பிடி நூடுல்ஸ், ஒரு கைப்பிடி முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். முதலில் வெங்காய எண்ணெய் இரண்டு ஸ்பூன், பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன், மிளகாய் அரை ஸ்பூன், உப்பு. இவை இழையெல்லாம் படிந்த பிறகுதான் புளிக்கரைசல் இரண்டு ஸ்பூன். புளியை முதலில் ஊற்றினால் நூடுல்ஸ் அதை உறிஞ்சி ஊறிப்போகும். எண்ணெயும் மாவும் முன்னால் போனால் புளி மேலேயே கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நான் முள்கரண்டியை எடுத்த அன்றைக்கு ஆயா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கையில தெரியும் கண்ணு, எங்க உப்பு நிக்குது, எங்க எண்ணெய் பத்தலன்னு" என்றார். உண்மைதான், விரலை விரித்து அடியிலிருந்து தூக்கித் தூக்கி விடும்போது எந்த இழை காய்ந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. பொரித்த வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, நொறுக்கிய பேஜோ, அரை மூடி எலுமிச்சை எல்லாம் கடைசியில், லேசாக ஒரு புரட்டு, உடனே தட்டில்.

ஆளுக்கு ஒரு அவித்த முட்டையும் வையுங்கள். அடிவரைக்கும் போகாமல் நடுவில் கீறி, பொரித்த வெங்காயம், மிளகாய், ரெண்டு சொட்டு புளி, ஒரு ஸ்பூன் அந்த எண்ணெய் விட்டு அடைத்து ஒரே வாயில் போட வேண்டும்.

பிசைந்ததை மீதம் வைக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் சொதசொதவென்று ஆகிவிடும். பொரித்த வெங்காயம் மிஞ்சினால் நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், மறுநாள் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் தேடமாட்டீர்கள்.