கேமரன் மலைத் தோட்டங்களில் விசாரிக்க வருகிறீர்களா?

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காய்கறித் தோட்டங்களில் வேலை பெர்மிட் இல்லாத வெளிநாட்டு ஆட்கள் ஏன் இத்தனை பேர் என்று ஆராய வரும் மாணவர்கள், தோட்டத்துக்குள் போகும் முன் என் கடையில்தான் வழி கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

"ஏன் கள்ளத்தனமாக வந்தாய்?" என்று தொடங்காதீர்கள். மரியாதை இல்லை என்பது ஒரு பக்கம், கேள்வியே தப்பு. பலர் முத்திரை குத்திய பாஸ்போர்ட்டோடு விமானத்தில் வந்து இறங்கியவர்கள். 'கோசோங்', அதாவது பெர்மிட் இல்லாதவர், ஆனது இங்கே வந்த பிறகு. "அபாங் (அண்ணே), முதலில் எந்த வேலைக்கு வந்தீங்க?" என்று மலாயில் கேளுங்கள். ஒருவர் தொழிற்சாலை என்பார், இன்னொருவர் கட்டட வேலை என்பார். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கும். சம்பளம் வரவில்லை, சொன்ன வேலையே இல்லை என்று அவரை விட்டு நகர்ந்தால் பெர்மிட்டும் போச்சு. எந்த நாளில், ஏன் நகர்ந்தார் என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து கடன். சம்பளத்தைக் கேட்கும் முன் ஏஜெண்டுக்குக் கொடுத்ததைக் கேளுங்கள். மலேசியா வர 2022இல் பங்களாதேஷ் அரசு வைத்த கட்டணம் 78,990 டாக்கா. அங்கிருந்து வந்தவர்கள் கொடுத்ததாகச் சொல்வதோ நாலைந்து லட்சம். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலும், சாப்பிடாமல் கிடந்தால் எட்டிலிருந்து பத்து மாதச் சம்பளம்! வட்டி தனி. இந்தக் கடனோடு யார் ஊருக்குத் திரும்புவார்? பெர்மிட் உள்ள கூட்டாளி பெயரில் பணம் அனுப்பிய ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் அரிசியும் சின்ன பாட்டில் கடுகு எண்ணெயும் கடனுக்கு வாங்குகிறவர்கள் உண்டு. (அந்தக் காலத்தில், ஊரில் ஆள் பிடித்த கங்காணி கொடுத்த முன்பணத்தில் கப்பல் ஏறிய நம் ஆட்களின் கதையும் இதேதான். நமக்குப் புரியாத விஷயம் ஒன்றும் இல்லை.)

தோட்டக்காரரிடம் லெவியில், அதாவது வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் வரியில், தொடங்கினால் ஏமாந்து போவீர்கள். விவசாயத்துக்கு வருஷ லெவி 640 வெள்ளி, தொழிற்சாலைக்கு 1,850. அதை மிச்சம் பிடிக்க மட்டும் யாரும் இந்த ஆபத்தில் இறங்க மாட்டார்கள். பெர்மிட் இல்லாதவரை வைத்திருந்தால் இமிகிரேஷன் சட்டத்தின் 55பி பிரிவில் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு.

நிலத்தைக் கேளுங்கள். இங்கே பெரும்பகுதி நெடுங்காலம் வருஷா வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் ஓடியது. சிலரிடம் எந்தத் தாளும் கிடையாது. நிலத்துக்கே தாள் இல்லாதவர் எதைக் காட்டி இத்தனை வெளிநாட்டு ஆள் வைக்கலாம் என்ற கோட்டா கேட்பார்? ஆனால் சாவி என்கிற கடுகுக்கீரை முப்பது நாற்பது நாளில் வெட்டுக்கு வந்துவிடும். கோலாலம்பூர் செலாயாங் சந்தைக்கு லோரி புறப்பட்டே ஆக வேண்டும். அன்றைக்கு யார் கத்தியோடு நிற்கிறாரோ அவர்தான் ஆள். சந்தை அனுப்பும் விலைச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்; கூலிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அதிலேயே தெரியும்.

உள்ளூர் ஆட்களைப் பற்றி நீளமாகக் கேட்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள்.

மருந்தடித்து முடித்து, கைகால் கழுவிய பிறகு சாயங்காலம் போங்கள். இமிகிரேஷன் ஆபரேஷன் நடக்கும் வாரத்தில் போகவே வேண்டாம்; பல பேர் கொங்சியை (ஆட்கள் தங்கும் கொட்டகையை) விட்டுக் காட்டுப் பக்கம் படுக்கப் போயிருப்பார்கள். படம் எடுக்காதீர்கள். தோட்டத்தின் பெயரையோ ஆளின் ஊரையோ நோட்டில் எழுதாதீர்கள், நோட்டு யார் கைக்கும் போகலாம். அப்புறம், பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு வந்துவிடாதீர்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அதிகாரி மாதிரியே இருக்கும். நீங்கள் கொங்சிக்குப் போய்ச் சேரும்போது அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.