மூன்று எண், ஒரே நெடுவரிசை: சுகாதாரத் தகவல் சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

58.6, 41, 67.1. இந்தியாவில் சிறு குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று சொல்லும் எண்கள் இவை. வரிசையாக வைத்துக் கோடு போட்டால், பாதிப்பு சரசரவென்று இறங்கி அப்புறம் எகிறியதுபோல இருக்கும். முதல் பாதியை வெட்டி ஒருவர் ‘சாதனை’ என்று வாட்ஸ்அப்பில் போடலாம். பின்பாதியை எடுத்து ‘படுதோல்வி’ என்று இன்னொருவர் போடலாம். சரிபார்க்க உட்காரும் நாமும் நம் எக்செல் அட்டவணையில் மூன்றையும் ஒரே நெடுவரிசையில் கொட்டி வைத்திருந்தால், இருவருக்குமே பதில் சொல்ல முடியாது.

58.6 என்பது 2015-16-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின் 4-ஆம் சுற்று. 67.1 என்பது 2019-21-இல் நடந்த 5-ஆம் சுற்று. இரண்டிலும் 6 முதல் 59 மாதக் குழந்தைகள். விரல் நுனியில், கைக்குழந்தை என்றால் குதிகாலில், குத்தி எடுத்த சொட்டு ரத்தம். நடுவில் நிற்கும் 41 மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. 2016-18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு அது. அதில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகள். ரத்தமும் ஊசி போட்டு நாளத்திலிருந்து எடுத்தது. வயது வேறு, முறை வேறு, ஆய்வே வேறு.

ஆகவே எண்ணைத் தனியாக எழுதி வைப்பதுதான் முதல் தவறு. யாரை அளந்தார்கள், எப்போது, எப்படி, என்ன அலகு, எந்த ஆவணத்தில் எந்தப் பக்கம் என்று பக்கத்திலேயே ஐந்து கட்டங்கள் வேண்டும். அலகைத்தான் பலரும் விடுகிறார்கள். சிசு மரண விகிதம் 1,000 உயிருள்ள பிறப்புகளுக்கு, பேறுகால மரண விகிதம் 1,00,000-க்கு. 58.6 என்பது 67.1 ஆனால் உயர்வு 8.5 சதவீதப் புள்ளி. அதையே சதவீதமாகச் சொன்னால் 14.5. இரண்டும் சரியான கணக்குதான். எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் நம் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் தேவைப்படும்.

தேதியிலும் இதே வம்பு. 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசின் கோவிட் அறிக்கையில் 518 மரணங்கள். ஒரே நாளில் இத்தனையா என்று பதறத் தோன்றும். அதில் 444, சென்னையில் முந்தைய மாதங்களில் நிகழ்ந்து, பட்டியலில் விடுபட்டு, மறுஆய்வுக்குப் பிறகு சேர்க்கப்பட்டவை. இறந்த தேதிக்கு ஒரு நெடுவரிசை, அறிவித்த தேதிக்கு இன்னொன்று. இதில் சோம்பல் பட்டால் வரைபடத்தில் இல்லாத சிகரம் முளைக்கும்.

எக்செல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடுவதும் தவறு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் அன்றாடக் கணக்கில் 15,841 கோவிட் தொற்றுகள் விடுபட்டன. பழைய கோப்பு வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை, அவ்வளவுதான் காரணம். அதனால் கோப்பைத் திறந்ததும் வரிகளை எண்ணி, மூலத்தில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்றும் பாருங்கள். மூலக் கோப்பில் கைவைக்காமல் நகலில் வேலை செய்யுங்கள்.

பரவும் கூற்றையும் நம் வார்த்தையில் சுருக்கி வைக்கக் கூடாது. ‘தடுப்பூசி போட்டவர்களே அதிகம் இறந்தார்கள்’ என்பது எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு. 100 பேரில் 95 பேர் போட்டிருக்கும் ஊரில் அது உண்மையாகவும் இருக்கலாம், தடுப்பூசி நன்றாக வேலை செய்துகொண்டும் இருக்கலாம். ‘போட்டவர்களுக்கே ஆபத்து அதிகம்’ என்பது விகிதத்தைப் பற்றியது. இரண்டுக்கும் தேட வேண்டிய தரவு வேறு. சொன்னதைச் சொன்னபடியே, தேதியும் ஸ்கிரீன்ஷாட்டுமாக முதல் கட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

காலிக் கட்டத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை துறுதுறுக்கும். பூஜ்யத்தையோ பக்கத்து ஊர் எண்ணையோ போட்டுவிடுவார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் 5-ஆம் சுற்றில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களைத் தேடினால் கிடைக்காது. அந்த ஆய்வு 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. இவை வேலூரிலிருந்து பிரிந்தது 2019-இல். அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டு, ‘அப்போது வேலூருக்குள்’ என்று ஓரத்தில் எழுதினால் போதும்.