ஏற்காட்டில் மரம் எங்கே குறைந்தது? ஏஐ வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

மரம் நடுகிற எங்கள் சேலம் குழுவில் வருஷா வருஷம் ஒரே சண்டை: எங்கே நடுவது? ரோட்டோரம் நட்டு போட்டோ எடுத்துக்கொள்வதில் எனக்கு இஷ்டமில்லை. கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருந்த மரம் எங்கே போனதோ, அங்கே நட வேண்டும். காசு செலவில்லாமல் ஏஐ அதைக் காட்டித் தரும்.

கூகுள் எர்த் எஞ்சினில் (செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசித் தரும் கூகுளின் தளம்) லாப நோக்கமில்லாத பயன்பாடு என்று பதிவு செய்துவிட்டு, கோட் எடிட்டரைத் திறங்கள். பைத்தான்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பிரவுசரில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்டே போதும். போனில் முயற்சியே செய்யாதீர்கள்.

மேலே உள்ள பெட்டியில் 'டைனமிக் வேர்ல்ட்' என்று தேடி இம்போர்ட் கொடுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, நிலத்தை மரம், புல், பயிர், புதர், கட்டடம் என்று 9 வகையாக ஏஐ பிரித்து வைத்த தொகுப்பு இது. 2015 ஜூன் முதல் இருக்கிறது. ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். ஒற்றை மரம் போனால் தெரியாது.

அடுத்து இடம். எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது இங்கேதான். மேப்பில் ஏற்காட்டை அழுத்தினால் 11.78, 78.21 என்று வரும். அப்படியே ஒட்டினேன். திரை முழுக்கக் கடல்! எர்த் எஞ்சினுக்கு நெடுங்கோடு முதலில், அட்சக்கோடு பிறகு. நான் கொடுத்த வரிசைக்கு அது வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்ட் ஓரமாகப் போய் நின்றிருக்கிறது. சேர்வராயன் மலையில் பனிக்கரடி தேடிய கதைதான். 78.21, 11.78 என்று மாற்றிப் போடுங்கள்.

பிறகு 2019 ஜனவரி, 2025 ஜனவரி இரண்டுக்கும் 'லேபிள்' பட்டையை (ஒவ்வொரு கட்டமும் எந்த வகை என்று எண்ணாகச் சொல்லும் அடுக்கு) எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதிகமுறை வந்த வகையை வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 1 (அதாவது மரம்), இப்போது வேறு எண் என்றால் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நிறம்; மரமாகவே இருந்தால் பச்சை. இதற்கான நாலு வரி நிரலை எந்த சாட்பாட்டும் எழுதித் தரும். மாதத்தை மட்டும் அதன் இஷ்டத்துக்கு விடாதீர்கள். ஜனவரியை ஏப்ரலோடு ஒப்பிட்டால், இலையுதிர்த்து நிற்கிற அடிவாரக் காடு அழிந்தே போனதாக அது சாதிக்கும்.

சிவப்பு வந்ததும் நாற்றோடு கிளம்பிவிடாதீர்கள். நாகலூர் பக்கம் ஒரு சிவப்புத் திட்டுக்கு போன் ஜிபிஎஸ்ஸோடு நடந்து போனேன். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களை வெட்டி லாரி ஏற்றியிருந்தார்கள். அடிக்கட்டைகளில் துளிர் விட்டிருந்தது. நிழல் போன காப்பிச் செடிகள் வெயிலில் இலை பழுத்து நின்றன. அது தனியார் தோட்டம், நாம் நட முடியாது. எங்கள் 14 திட்டுகளில் நேரில் பார்த்த பிறகு தேறியது 5.

இதைவிட எனக்குக் கடுப்பேற்றுவது பச்சைதான். மலையின் இயற்கையான சோலைக்காடும் சரி, வரிசையாக நட்ட சில்வர் ஓக்கும் சரி, ஏஐக்கு இரண்டும் 'மரம்'. சோலையை வெட்டி ஓக் வைத்தாலும் வளர்ந்த பிறகு சிவப்பு வராது.

பின்சேர்க்கை: மே மாதப் படம் போட்டால் எஸ்டேட்டெல்லாம் சிவக்கிறதே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மழைக்கு முன்னால் நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள் தம்பி. ஜனவரியிலேயே நில்லுங்கள்.